இரண்டிலிருந்து எண்ணும் வீதி

முதலில் மாட்டியது மாராத்தாள். உடையார்தோட்டம் மூன்றாம் வீதியில், மாவு மில்லுக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருந்தவள், ஐம்பத்தெட்டு வயதிலும் கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுகிறவள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு சிலிண்டர் போடும் ஆள் ஒருவர் கையில் ரசீதோடு வந்து, கடைப் பலகையை இரண்டு தட்டுத் தட்டி, "மூணு" என்றார், மூன்று இட்லி வேண்டும் என்பது அவர் கணக்கு. மாராத்தாளோ கையிலிருந்த ஈரத்துணியைப் போட்டுவிட்டு, கடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவர் கையிலிருந்த ரசீதைக் குனிந்து பார்த்து, மேலிருந்து கீழ்வரை, பேர், தேதி, அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த எச்சரிக்கை உட்பட, ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, திரும்பிப் போய் துணியை எடுத்துக்கொண்டாள். "எத்தன இட்லின்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அந்த ஆள் சாப்பிடாமலே போய்விட்டார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் வீதிக்காரர்களுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது, பயப்பட மட்டும் எப்படியோ நேரம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். மத்தியானம் டீக்கடை பெஞ்சைத் தட்டி "பதிமூணு போயிருச்சாங்க?" என்று பஸ்ஸை விசாரித்தவரிடம், குப்பண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து, மணி, நிமிஷம், நொடி சொல்லிவிட்டுப் போனார், அவர் கடையில் கடிகாரமே இல்லை. சாயங்காலம் கைக்குழந்தைக்காரி ஒருத்தி மில் கேட்டைத் தட்டி, பிறந்து இருபத்தொன்பது நாளாகிறது, ராவும் பகலும் அழுகிறது என்று புலம்ப, காவல்காரர் அய்யாவு வெளியே வந்து குழந்தை நெற்றியில் கை வைத்தார், குழந்தை தூங்கியது, அவளும் நின்றபடியே தூங்கினாள். பொழுது இறங்குவதற்குள் வீதிக்கு விதி பிடிபட்டுவிட்டது: வாசலில் நின்று தட்டி, எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்கு உரியவர் போட்டது போட்டபடி எழுந்து வந்து, அந்த வேலையை உங்களுக்குச் செய்துவிட்டுப் போவார். மாட்டேன் என்று சொல்ல முடியாது. மாராத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியைப் பிடித்து நின்று பார்த்தாள், கால் தானாகப் போனது.

செய்தது நான். என் பேர் சம்பத்குமார். மில்லுக்கு மேலே மாடியில், பொன்னுலிங்கம் சாரும் நானும் மட்டும் இருக்கிற ஒரு கம்பெனி. தோட்டத்து மோட்டார்களை ஓட்டுகிற சின்னப் பெட்டிக்குள் உட்காரும் கெர்னலை எழுதுவது எங்கள் பிழைப்பு. கெர்னல் என்றால் பெட்டிக்குள் இருக்கிற வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற புரோகிராம்கள் எல்லாம் படிக்கு வெளியே நிற்கிறவை, ஒன்றையும் தாமாகத் தொடக்கூடாது, வாசலில் நின்று தட்டி ஒரு எண்ணைத்தான் சொல்லவேண்டும். உள்ளே ஒரு அட்டவணை இருக்கும். மூன்று என்றால் படித்துக் காட்டு, பதிமூன்று என்றால் நேரம் சொல், இருபத்தொன்பது என்றால் தூங்கவை என்று, எண்ணுக்கு நேரே யார் பேர் இருக்கிறதோ அவர் எழுந்து போகவேண்டும். கேட்டவன் நல்லவனா கெட்டவனா, எதற்குக் கேட்கிறான், போகிறவருக்கு இஷ்டமா என்றெல்லாம் அட்டவணை பார்க்காது.

இந்தத் தொழிலில் அட்டவணையில் காலி இடம் விடக்கூடாது. விட்டால், அந்த எண்ணைக் கேட்டது எங்கே போய் விழும் என்று பிரம்மனுக்கும் தெரியாது. அதனால் அந்த எண்ணின் வேலையைச் செய்கிற வரிகளை இன்னும் எழுதி முடிக்காத இடங்களில் சும்மா ஒரு பேராவது போட்டு வைப்போம். மற்ற கம்பெனிகளில் என்ன போடுவார்களோ, எங்கள் வழக்கம் மனுஷப் பேர் போடுவது, ஏனென்றால் மனுஷப் பேர் மறக்காது, "மாராத்தாள முடிச்சுட்டயா சம்பத்து?", "நாளைக்குக் குப்பண்ணன எழுதிடறேன் சார்" என்று பேசிக்கொள்ளலாம். அந்தத் திங்கட்கிழமை நான் சன்னலோரம் உட்கார்ந்து, வீதியில் யார் யார் கடந்து போனார்களோ அவர்கள் பேரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். நாற்பது இடம், நாற்பது பேர், அதற்கு மேல் வருகிற எண்களுக்கெல்லாம் சேர்த்து இன்னொருவர். மேஜைமேல் இருந்த சோதனைப் பெட்டியின் போர்டில் ஏற்றினேன். மறுநாள் அது மேஜையை விட்டுக் கீழே இறங்கி வீதிக்குள் போய்விட்டது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். போர்டின் கரண்டைப் பிடுங்கினாலும் வீதியில் அது நிற்கவில்லை, ஆனால் போர்டில் ஒரு பேரை மாற்றினால் மட்டும் வீதியிலும் மாறியது.

அன்றைக்கு வீதியை முதலில் கடந்தது என் மனைவி தமயந்தி. நான் மறந்துவிட்டு வந்த டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் இடம் அவளுக்கு.

முதல் எண்ணின் பேர் 'முடி'. இது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். வேலை தீர்ந்த புரோகிராம் கடைசியாக ஒருதரம் வந்து தட்டி, ஒன்று என்று சொல்லும், என்னை முடித்துவிடு என்று அர்த்தம். கூடவே ஒரு எண்ணைக் கையில் கொடுக்கும்: சைபர் என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, வேறு எதுவானாலும் எங்கேயோ கோளாறு. முடித்துவைக்கிறவர் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு போய், அதற்காகக் காத்திருக்கிறவரிடம் சேர்க்கவேண்டும். அதற்குப் பிறகு அந்தப் புரோகிராம் கிடையாது. இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது தமயந்தியிடம் பெருமையாக விளக்கியிருந்தேன், அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அது எனக்கு ஞாபகம் வந்தது. யாரோ ஒரு மனுஷன் எங்கள் வாசலில் நின்று தட்டி, ஒன்று என்பான். இவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், போட்டுவிட்டு எழுந்து போவாள், ஒரு உயிர் அவள் கையால் போகும், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்காது. எறும்பைக்கூடக் கொல்லாமல் விளக்குமாற்றால் தள்ளிவிடுகிறவள். நான் வீட்டுக்கு ஓடிப்போய், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, வாசல் கதவைக் கீல் கீலாகக் கழற்ற ஆரம்பித்தேன்.

"எதுக்குங்க கதவக் கழட்டறீங்க?"

"கரையான்."

"கரையானா? போன மாசந்தான பெயிண்டு அடிச்சோம்?"

"உள்ளுக்குள்ள இருக்குது."

அவள் கீலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எனக்கு எப்போதுமே பயம்தான், அன்றைக்கு இரண்டு பங்கு. கதவைப் பின்கட்டில் சாய்த்துவைத்துவிட்டு வந்து, வாசலில் அவள் பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன். சேலையைத் தட்ட முடியாது.

வீதி இதை விழுங்கிச் செரித்ததுதான் பெரிய கதை. மகளிர் குழுக்காரர்கள் கூடிச் சட்டம் போட்டார்கள்: தட்டுகிறவர் படிக்கு வெளியேதான் நிற்கவேண்டும், உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது, கொடுக்கவேண்டியதை இரண்டு கையாலும் நீட்டவேண்டும், வேலை முடிந்ததும் ஊர்க்கதை பேசாமல் கிளம்பவேண்டும், சமையல் நேரத்தில் தட்டக்கூடாது, குளிக்கிறவரைத் தட்டவே கூடாது, இந்தக் கடைசிச் சட்டம் குப்பண்ணன் ஒருநாள் சோப்பு நுரையோடு வந்து நேரம் சொன்னபிறகு வந்தது. பல்லடம், சூலூர், அவிநாசி என்று எங்கிருந்தோ ஷேர் ஆட்டோவில் வந்து மாராத்தாள் கடை முன்னால் நின்றார்கள், பாட்டன் காலத்துப் பத்திரம், கோர்ட்டு சம்மன், தெலுங்கில் வந்த கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடைக்காரரே கைவிட்ட டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் அவள் படித்தாள், படித்தது என்ன என்று மட்டும் அவளுக்குத் தெரியாது, கேட்டால், குழாய்க்குத் தண்ணி ருசி தெரியுமா என்பாள். அய்யாவு ஊரையே தூங்கவைத்தார், அவருக்குத்தான் தூக்கம் இல்லை. நாற்பதுக்கு மேல் எந்த எண்ணைச் சொன்னாலும் சூசை வருவார். முப்பது வருஷம் ரேஷன் கடையில் இருந்த மனுஷன், "அப்படி ஒண்ணு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான் அட்டவணையில் அவருக்கு வேலை, ரிட்டயர் ஆனபிறகு அவர் இத்தனை சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

எந்த எண்ணுக்கு யார் என்று ஃப்ளெக்ஸ் அடித்து மில் முனையில் கட்டினார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன், கவனித்துக் கண்டுபிடித்த மாதிரி. பட்டியல் இரண்டிலிருந்து ஆரம்பித்தது.

"ஒண்ணக் காணமே?" என்று ஒருத்தர் கேட்டார்.

"அச்சுல விட்டுப்போச்சுங்க."

அவர் என் மூஞ்சியைப் பார்த்தார், அப்புறம் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்த மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, வீதியில் அந்த எண்ணையே சொல்லாமல் விட்டார்கள். ஒரு டீ என்று யாரும் கேட்கவில்லை, இரண்டு வாங்கி ஒன்றைக் கீழே ஊற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு, மூன்று, நாலு என்று ஒப்பித்தார்கள், வாத்தியார் திருத்தவில்லை. மாராத்தாள் இட்லியை இரண்டிலிருந்து எண்ணிப் போட்டாள், அஞ்சு இட்லி கேட்டவனுக்கு நாலுதான் விழுந்தது, ஒருத்தனும் சண்டை போடவில்லை. பயம் அப்படி.

பொன்னுலிங்கம் சாரிடம் மட்டும் சொன்னேன். அவர் பயந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மனுஷன், அன்றைக்கு அரைமணி நேரம் துடைத்தார்.

"எண்ண மாத்தக்கூடாது சம்பத்து. ஒருதரம் குடுத்த எண்ணு குடுத்ததுதான், வெளிய ஆயிரம் பேரு அத நம்பி எழுதிட்டாங்க. பேர வேண்ணா மாத்தலாம். யாரு பேரப் போடுவ?"

"காலியா விட்டா?"

எங்களுக்கு அதிகம் தேவைப்படாத ஒன்பதை முதலில் காலியாக விட்டுப் பார்த்தோம். அன்றைக்கு யாரோ சொன்னார்கள் என்று ஒன்பதைத் தட்டிய முட்டை வியாபாரி ஒருத்தர், சைக்கிளை வாசலிலேயே விட்டுவிட்டு நேராக நடக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் தாராபுரம் ரோட்டில் ஒரு சோளக்காட்டுக்குள் கண்டுபிடித்தார்கள், பேர் என்ன என்று கேட்டால் ஒன்பது என்றார். உடனே ஒன்பதில் பழைய பேரைப் போட்டோம்.

"செத்தவங்க பேரப் போட்டா என்ன சார்?"

"எந்திரிச்சு வந்துட்டா?"

அப்புறம் எனக்கு சூசை ஞாபகம் வந்தது. ஒன்றையும் அவருக்கே கொடுத்துவிட்டால், வந்து தட்டுகிறவனிடம் அப்படி ஒண்ணு இல்லீங்க என்று சொல்லிவிடுவார், தீர்ந்தது. ஒரு புதன்கிழமை காலை மாற்றினேன், இத்தனை எளிய வழி ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று சிரித்தேன்கூட. சிரிப்பு பதினைந்து நிமிஷம்தான். மாடியில் மோட்டாரைச் சோதிக்க வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் முடிந்து, வந்து தட்டி, அப்படி ஒண்ணு இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, தன் கடைசி வரியையும் தாண்டி, அதற்கு அப்பால் கிடந்த குப்பையையெல்லாம் கட்டளை என்று எடுத்துக்கொண்டு ஓடியது, தொட்டி வற்றியும் மோட்டார் நிற்காமல் புகைந்தது. வீதியில் அதைவிட மோசம். மில்லில் கொட்டிய மிளகாய் அரைந்து அரைந்து தீரவில்லை. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி வெகுநேரமாகியும் கெட்டிமேளம் நிற்கவில்லை, நாதஸ்வரக்காரர் உதட்டில் ரத்தம் வந்தும் வாயை எடுக்க முடியவில்லை. பதினாலாம் நம்பர் வீட்டில் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த கருப்பையா, இழுத்த மூச்சை வெளியே விட முடியாமல் கண் பிதுங்கக் கிடந்தார். நான் ஓடிப்போய் சூசையை அழித்தேன். வேறு பேர் எதுவும் கைக்கு வரவில்லை. தமயந்தி என்று திரும்பவும் என் கையாலேயே அடித்தேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கருப்பையா அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தார், நிம்மதி என்று எல்லோரும் சொன்னார்கள். போஸ்டாபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அம்மா ஒருவர், மூச்சுத் திணறலோடு நாலு வருஷம் ஓட்டியவர், அவரும் போனார், வெயில் அந்த வருஷம் அதிகம். நான் காலையில் திரையை இழுத்துக் கட்டிவிட்டுப் போவேன், மத்தியானம் சாப்பிட வரும்போது அது முடிச்சுப் போட்டு ஒதுக்கியிருக்கும், தமயந்தி வாசற்படியில் உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காத்து வரவேண்டாமா என்பாள். ஒருதரம் தண்ணீர் கொடுக்கும்போது அவள் விரல் பட்டது, ஐஸ் மாதிரி இருந்தது. கேட்டேன். பாத்திரம் கழுவினேன் என்றாள்.

மாராத்தாளுக்கு அதற்குள் வயிற்றுவலி வந்திருந்தது. மருமகள் சுதா ஸ்கேன் எடுத்துக் கூட்டி வந்தாள், வாயுத் தொந்தரவாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். டாக்டர் எழுத்தைப் படிக்க வீதியில் வேறு யார் இருக்கிறார்கள், கடைப் பலகையைத் தட்டி, மூணு என்று சொல்லி, ரிப்போர்ட்டை மாமியார் முன்னாலேயே இரண்டு கையாலும் நீட்டினாள். நான் அப்போது பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாராத்தாள் வெளியே வந்து குனிந்து படித்தாள், எங்கே வந்திருக்கிறது, எத்தனை பெரிது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில், ரேஷன் கடை அறிவிப்பைப் படிக்கிற அதே குரலில், ஒரு எழுத்து விடாமல். கடைசி வரியையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள். சுதா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கையிலிருந்த விள்ளல் வாய்க்குப் போகவில்லை.

"என்ன கண்ணு போட்டிருக்குது?" என்று என்னைக் கேட்டாள்.

"வாயுத் தொந்தரவாம்க்கா," என்றேன்.

"படிச்சது நானு," என்றாள் மாராத்தாள், "பொய் சொல்றது நீயி."

அன்றிலிருந்து தினமும் இட்லி வைக்கும்போது குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்பாள், "ஏங்கண்ணு, பேனர்ல இல்லாதது யாரு?" எனக்குத் தெரியாதுங்க்கா என்பேன். அவள் ரெண்டு, மூணு என்று எண்ணி இட்லியைப் போடுவாள். மாதம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. வலி வந்தால் கடைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள், வாடிக்கைக்காரர்கள் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். என்றைக்காவது ஒருநாள் இவள் கண்டுபிடித்துவிடுவாள், எங்கள் வாசலுக்கு வருவாள், தமயந்தியைப் பெத்த பிள்ளை மாதிரி அம்மிணி அம்மிணி என்று கூப்பிடுகிறவள், அவள் முன்னாலேயே வந்து நிற்பாள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அட்டவணையைத் திறந்து, முதல் இடத்தில் தமயந்தியை அழித்துவிட்டு, சம்பத்குமார் என்று அடித்தேன். எனக்கு வீரம் எல்லாம் கிடையாது, ஒரு எழுத்தை மூன்றுதரம் தப்பாக அடித்தேன். பொன்னுலிங்கம் சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். இனி நான் கதவுக்கும் வாசலுக்கும் தூரமாக, மாடியிலேயே இருந்துகொள்ளலாம், ஆபீஸ் கதவைக் கழற்றிவிடலாம், அவள் வீட்டுக்குக் கதவை மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தமயந்தி வாசற்படியில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேசாமல் பின்கட்டுக்குப் போய் கதவைத் தூக்கி வந்தேன்.

"உங்க பேரப் போட்டுட்டீங்களா?" என்றாள்.

கதவு கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"பத்தேகாலுக்கு என்ற கை சூடாச்சு. மாசக்கணக்காச் சில்லுன்னு கெடந்த கையி." அவள் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் என் விரல்கள் விறைத்துக்கிடப்பதைக் கவனித்தேன்.

"உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். சோறு திங்கறப்ப எல்லாத்தையும் வெளக்குனீங்க. மொத எண்ணு முடி. பேனர்ல மொத எண்ணு இல்ல. நம்ம வீட்ல கதவு இல்ல. இதக் கூட்டிப் பாக்க நான் காலேஜுக்குப் போகோணுமா?"

"யாராச்சும் வந்தாங்களா?"

"மொதல்ல கருப்பையா வந்தாரு, மகன் சேரோட தூக்கியாந்து எறக்குனான். நெலைச்சட்டத்த அவரேதான் தட்டுனாரு, கதவில்லாட்டி நெலை இருக்குதில்ல. அப்பறம் போஸ்டாபீஸ் அம்மா. அப்பறம் சூலூர்ல இருந்து ஒருத்தரு, பேரு வெளிய சொல்ல வேண்டாம்னாரு."

கதவைச் சுவரில் சாய்த்தேன். "பயமா இல்லையா தமா உனக்கு?" என்றேன்.

"பயமில்லாம? மொத நாளு நாலுதரம் வாந்தி எடுத்தேன். நீங்க வந்து, ஏன் இன்னும் சோறு வெக்கலன்னு கேட்டீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: வாசலிலேயே உட்கார்ந்திருந்தது, வருகிறவர்களைத் தட்டுவதற்கு முன்னால் பார்க்கத்தான், ஒருநாள் ஒரு சின்னப்பிள்ளை, காலேஜுக்குப் போகிற வயது, சாகிற யோசனை மூஞ்சியில் தெரிய வந்து கையை ஓங்கினான், தட்டுவதற்குள் எழுந்து கையைப் பிடித்துவிட்டாள். "தட்டாத வரைக்கும் நான் சும்மா மனுஷிதான? உக்கார வெச்சு, சோறு போட்டு, நல்லா நாலு திட்டுத் திட்டி, அவங்கம்மாவுக்குப் போன் பண்ணி, வந்தப்பறந்தான் அனுப்புனேன். கதவு இருந்திருந்தா யாருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"நீங்க என்னக் கேட்டா போட்டீங்க? இப்ப என்னக் கேட்டா எடுத்தீங்க?" என்றாள். பிறகு முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மெதுவாக, "சரி, கேட்டுக்குங்க. மொதல்ல குடிக்கத் தண்ணி குடுங்க. பேரக் கேளுங்க. மத்ததெல்லாம் கைக்கே தெரியும். எத்தனைன்னு கேட்டு வாங்குங்க, எல்லாரும் சைபர்னுதான் சொல்லுவாங்க, பொய்யாத்தான் இருக்கும், எதுத்துப் பேசாம வாங்கிக்குங்க. காத்துட்டிருக்கறவங்ககிட்டப் போயிச் சொல்லிருங்க. அவங்க அதுக்குத்தான் உக்காந்திருப்பாங்க."

நான் கதவை நிலைச்சட்டத்தில் பொருத்தத் தூக்கி நிறுத்தினேன். முதல் ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றபோது, வெளியே செருப்புத் தேய்கிற சத்தம் வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"கதவ மாட்டறயா கண்ணு?" மாராத்தாளின் குரல். "அப்ப அம்மிணி தப்பிச்சிருச்சு. பத்து நாளா முனையில வந்து நின்னு அது மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டிருந்தேன். அதுங்கிட்ட எப்படிக் கேக்கறது? இப்ப நீதான?"

"அக்கா, கொஞ்சம் இருங்க," என்றேன். ஸ்க்ரூ கீழே விழுந்தது. அந்தக் கையைப் பிடிக்கவேண்டும், தமயந்தி பிடித்த மாதிரி பிடித்துவிடவேண்டும், ஆனால் கதவை விட்டால் அவள் மேலேயே விழும்.

"சன்னல்ல உக்காந்துக்கிட்டு போறவங்க வர்றவங்களையெல்லாம் பாத்துப் பாத்துத் தட்டிட்டிருந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? என்ன மாட்டி விட்டது நீதான கண்ணு, நீயே எறக்கி விட்டுரு. ராத்திரியில முடியறதில்ல."

என் கையிலிருந்த கதவை அவள் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டினது உள்ளங்கை வழியாக நெஞ்சுவரை வந்தது.

"ஒண்ணு," என்றாள்.

எங்கள் வீதியில் மாசக்கணக்காக யாரும் சத்தமாகச் சொல்லாத எண். என் கை கதவைச் சுவரில் சாய்த்துவைத்தது, என் கால் படியிறங்கியது, பயம் மட்டும் என்னுடையதாக இருந்தது, அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. தமயந்தி தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மாராத்தாள் படிக்கு வெளியே, சட்டப்படி, தரையில் உட்கார்ந்தாள். தண்ணீரைக் குடித்தாள். பேர் கேட்டேன், தெரிந்த பேரைத்தான். சொன்னாள். கை தானாகப் போய் அவள் கையைப் பிடித்தது, மாவு காய்ந்து ஒட்டியிருந்த விரல்கள்.

"எத்தனைங்க்கா?"

அவள் யோசித்தாள். மற்றவர்கள் மாதிரி உடனே சைபர் என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"எனக்கென்ன கண்ணு தெரியும்? எழுத்துப் படிச்சனா, கணக்குப் படிச்சனா. ஊருக்கெல்லாம் படிச்சேன், ஒண்ணும் வெளங்குல. நீயே பாத்துப் போட்டுக்க."

அட்டவணையில் இதற்கு வழி கிடையாது. எண்ணை வருகிறவர்தான் கொடுக்கவேண்டும், நாங்கள் வாங்குகிறவர்கள் மட்டுமே. பெருவிரல் தேய்ந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன், விடிய எழுந்து மாவு கரைத்த நாற்பது வருஷத்தை, சன்னலோரம் உட்கார்ந்து நான் சும்மா தட்டிவைத்த ஒரு பேரை, யாரும் சம்மதம் கேட்காமல் அவள் நடந்த நடையை. சைபர் போட்டேன். கை தன் வேலையைச் செய்தது.

அப்புறம் நான் மில் முனைக்கு நடந்தேன். கடையில் சுதா உட்கார்ந்திருந்தாள், அடுப்பில் ஈடு வெந்துகொண்டிருந்தது, பெஞ்சில் இரண்டு பேர் தட்டோடு காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சைபர்," என்றேன்.

"நெசமாவுங்களா?"

"நெசமாத்தான்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஈடு வெந்துவிட்டது என்று பானையை இறக்கி, துணியைப் பிரித்து, தட்டில் இட்லிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். பெஞ்சிலிருந்தவர்கள் கேட்கும்படி, சத்தமாக, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினாள்.